மூன்றாவது ரிங்

அது எந்தப் புயலின்போது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கத்தில் புயல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. ஒன்றில் சாய்ந்த தென்னையை இன்னொன்றில் சாய்ந்ததாகச் சொல்லிவிடுகிறோம். அக்னஸைக் கேட்டால் கார்த்திகை பிறந்து பத்து நாள் இருக்கும் என்பாள். அவள் புருஷன் ஜோசப்ராஜ், இல்லை, ஐப்பசி கடைசி என்பார். மூன்று நாள் மழை விடவில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை கிடையாது. மற்றதெல்லாம் அவர்களும் பிறரும் சொல்லக் கேட்டுச் சேர்த்தது. பேச்சுகளில் சில அப்படியே பேசப்பட்டவை. சில, அவர்கள் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நினைத்து எழுதியவை. எது எதுவென்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

கீழப்பெருவெளி திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வடிகால் ஓரத்தில் கிடக்கும் பள்ளத்து ஊர். ஆற்றுத் தண்ணீர் வேண்டும்போது கடைசியாக வந்து சேரும். மழைத் தண்ணீர் வேண்டாதபோது கடைசியாக விட்டுப் போகும். அந்த ஊரிலும் பள்ளமான இடத்தில் இருந்தது ஜோசப்ராஜின் ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. ஒரே மகள் லின்சி ஒரத்தநாட்டில் மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் புருஷன் பெண்சாதி இரண்டு பேர்தான்.

அந்த வருஷம் சம்பா நன்றாக வந்திருந்தது. பயிர் தொண்டைக் கதிரில் நின்றது. கதிர் தாளுக்குள் திரண்டு உருண்டு, வெளியே தலைநீட்ட இன்னும் ஏழெட்டு நாள் இருந்த நேரம். தாளை விரலால் பிடித்துப் பார்த்தால் சினைமாட்டு வயிறு போலத் தெரியும் என்பாள் அக்னஸ். அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது. முதல் நாள் தண்ணீர் முழங்கால் அளவு. இரண்டாம் நாள் பயிரின் கழுத்து. மூன்றாம் நாள் விடிந்தபோது பச்சை நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே கோரை மாதிரி ஆடின. இன்னும் இரண்டு நாள் இப்படியே நின்றால் கதிர் தாளுக்குள்ளேயே அழுகிவிடும்.

வரப்பைச் சுற்றிலும் உயர்த்திக் கட்டியாயிற்று. தண்ணீரை அள்ளி வடிகாலுக்குள் விட்டால் போதும். ஆனால் வடிகாலே நிறைந்து ஓடியதால் தானாக வடியாது, கரைக்கு மேலே தூக்கித்தான் கொட்ட வேண்டும். மின்கம்பங்கள் சாய்ந்து இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மோட்டார் உதவாது. மிச்சம் இருந்தது வடிகால் கரைத் திடலில் தகரக் கொட்டகைக்குள் நின்ற எட்டுக் குதிரை டீசல் இன்ஜின். கோடையிலேயே அது கறுப்பாகப் புகைந்து கொண்டிருந்தது. இப்போது எவ்வளவு சுற்றினாலும் நெஞ்சில் சளி கட்டியவன் போல இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

ஜோசப்ராஜ் பாதி முங்கிய ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திருத்துறைப்பூண்டி போய் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"ரிங் தேஞ்சிருக்கும்ணே. செட்டு தர்றேன், கொண்டு போங்க. ஆளு நாளன்னிக்குத்தான் வர முடியும். வாசல்ல பாருங்க, அஞ்சு ஊரு இன்ஜின் நிக்குது" என்று சொல்லிவிட்டார் அவர்.

நாளை மறுநாள் வந்தால் ஆகாது என்று ஜோசப்ராஜுக்குத் தெரியும். இன்ஜின் பிரித்ததைப் பக்கத்தில் நின்று மூன்று தடவை பார்த்திருக்கிறார். பார்த்தது போதும் என்று நினைத்தார். மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினார், அடியில் தொங்கும் இரும்பு ராடோடு பிஸ்டனை மேலே உருவினார், பழைய ரிங்குகளை எடுத்துவிட்டுப் புதிய நாலையும் மாட்டினார். அதுவரை எல்லாம் சரி. ரிங் என்பது வாய் பிளந்த ஒரு வளையம். பிஸ்டனில் மாட்டியதும் விரிந்து நிற்கும். லைனர் என்கிற குழாய்க்குள் இறக்க வேண்டுமானால் அதைச் சுற்றி ஒரு தகட்டுப் பட்டையைப் போட்டு இறுக்கி அடக்க வேண்டும். அந்தப் பட்டை மெக்கானிக்கிடம் இருந்தது. ஜோசப்ராஜிடம் நாற்று முடி கட்டுகிற நைலான் கயிறு இருந்தது.

முப்பது வருஷமாக நாற்று முடி கட்டிய கை. எவ்வளவு திமிறினாலும் இரண்டு சுற்றில் அடக்கிவிடும். ரிங்கையும் அப்படியே கட்டிவிடலாம், பிஸ்டன் உள்ளே போகப் போகக் கயிறு தானாக மேலே உருண்டு வந்துவிடும் என்று எண்ணினார். கீழ் ரிங் அப்படித்தான் போனது. அதற்கு மேலே இருந்த மூன்றாவது ரிங்கின்போது கயிறு நழுவியது. அவர் கவனிக்கவில்லை. மண்வெட்டிக் காம்பால் ஓங்கி ஒன்று வைத்தார். 'கிணுக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கஞ்சித் தூக்கோடு அக்னஸ் கொட்டகைக்கு வந்தபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிஸ்டன் கோணிச் சாக்கின் மேல் கிடந்தது.

"என்னங்க, உள்ள போயிடுச்சா?"

"போவும்."

"எப்ப?"

"இந்தா, நச்சரிக்காத. கடக்காரன் ஒரு ரிங்கு கொறச்சுக் குடுத்துட்டான்."

அக்னஸ் பிஸ்டனைப் பார்த்தாள். மூன்று ரிங் இருந்தது. நேற்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் பொட்டலத்தைப் பிரித்தபோது அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். நாலு. அவர் இடது கை சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். தூக்கைத் திறந்து கஞ்சியை ஊற்றி, சுட்ட மிளகாயைப் பக்கத்தில் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை நுனி காலையில் தெரிந்த அளவு இப்போது தெரியவில்லை.

"அந்த இறுக்குற பட்டை இல்லாம ஆவாது" என்றார் ஜோசப்ராஜ், தூக்கைத் திருப்பிக் கொடுத்தபோது. அதுவரை அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தாள். பேட்டரி கடைசிக் கோட்டில் இருந்தது. யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்து இன்ஜின் வேலை செய்கிற வீடு ஒன்றுதான், அதுவும் முப்பது மைல் தள்ளிக் கடற்கரையில்.

எல்லையம்மாள் வேதாரண்யத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்காரி. செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி வந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த ஊர்களில் மீன் விற்பவள். அறுவடை நேரத்தில் காசு வாங்க மாட்டாள். கருவாட்டைக் கொடுத்துவிட்டு நெல்லாக வாங்கிப் போவாள். அவள் புருஷன் சிங்காரவேலு கடலுக்கும் போவார், குப்பத்து மீன்பிடிப் போட்டுகளின் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டவும் செய்வார்.

"அக்கா, நான் அக்னஸ் பேசுறேன். பெருவெளி."

"என்னடி இந்தக் காத்துல? மீனு கேக்குறியா? கடல் என்ன கோலத்துல கெடக்குன்னு வந்து பாரு."

"மீனு இல்லக்கா. உங்க வீட்டுக்காரர்ட்ட, பிஸ்டன் எறக்கும்போது ரிங்கச் சுத்திப் போட்டு இறுக்குவாங்களே, ஒரு பட்டை..."

"கம்ப்ரஸரா?"

அந்த வார்த்தை அவள் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது அக்னஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் நிற்பதையும், பயிர் இருக்கிற நிலையையும், மெக்கானிக் வராததையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"எட்டு ஹெச்.பி.யா? ஒத்த சிலிண்டரா?" என்று கேட்டாள் எல்லையம்மாள்.

"ஆமாக்கா."

"இங்க இவரு..." என்று ஏதோ ஆரம்பித்தாள். காற்றில் பாதி போயிற்று. "சரி, பாப்போ..." என்றது வரை கேட்டது. போன் அணைந்துவிட்டது.

பார்ப்போம் என்றால் என்ன? வருகிறேன் என்றா, முடியாது என்றா? அந்த ஒரு சொல்லை அக்னஸ் அன்று முழுவதும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஜோசப்ராஜிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். மழை தூறலாகக் குறைந்திருந்தது. வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாத வெள்ளத்தில், நீலத் தார்பாய்த் துண்டு போர்த்திய கூடை ஒன்று தனியாக நடந்து வருவது போலத் தெரிந்தது. கிட்டே வந்ததும்தான் அதற்குக் கீழே எல்லையம்மாள் இருப்பது தெரிந்தது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள்.

அக்னஸ் தண்ணீரில் இறங்கி ஓடினாள்.

"எறக்கி விடுடி மொதல்ல, கழுத்து ஒடிஞ்சுடும் போல இருக்கு. பஸ்ஸு கெடையாது. உப்பு லாரிக்காரன் மெயின் ரோட்டுல எறக்கிவிட்டான். வழி பூரா பேசிக்கிட்டே வந்தான் பாவி, காது புளிச்சுப் போச்சு."

"அவரு வரலையாக்கா?"

"அவரு எப்படி வருவாரு? போட்டெல்லாம் மேட்டுக்கு ஏத்திக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு கையும் வேணும். நான் வந்தா ஆவாதா? ரிங்கு உள்ள போவ மாட்டேன்னு சொல்லுமா?"

கூடைக்குள் ஒரு பழைய லுங்கியில் சுற்றியிருந்தது அந்தக் கருவி. நாலு விரல் அகலத்துக்கு எஃகுத் தகடு, தன்னைத்தானே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சதுரக் குச்சிச் சாவி. அதைத் திருப்பினால் தகடு இறுகும், பின்னுக்கு விட்டால் தளரும். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் ஸ்பானர்கள். ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு.

"கூடையில மீனு இல்லாம இந்த ஊருக்குள்ள வந்தது இன்னிக்குத்தான். வழியில ஒருத்தி, 'என்ன மீனு ஆத்தா'ன்னு கேக்குறா. இரும்பு மீனுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அக்னஸ் சிரித்தாள். நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

கொட்டகையில் ஜோசப்ராஜ் எழுந்து நின்றார். கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க. அண்ணன் பின்னாடி வர்றாங்களா?"

"அண்ணன் வரல. அக்காதான் வந்திருக்கேன்."

"இல்ல... நீங்க இதெல்லாம்..."

"கல்யாணமாகி இருவத்தெட்டு வருசம் தம்பி. அவரு மேல தட்டுவாரு, நான் கீழ ராடு புடிப்பேன். கடலுக்குப் பொம்பள வரக் கூடாதாம். இன்ஜினுக்குள்ள கைய விட மட்டும் வரலாமாம்." குந்தி உட்கார்ந்து பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு ரிங்கையும் சுற்றிவிட்டாள். "மூணாவது எங்க?"

"கடையில ஒண்ணு கொறச்சு..."

"கொறஞ்சதா, ஒடஞ்சதா?"

ஜோசப்ராஜ் சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"கோவமா கேக்கல தம்பி. கொறஞ்சதுன்னா கவலயே இல்ல, பழச ஒண்ண போட்டுக்கலாம். ஒடஞ்சதுன்னா துண்டு எங்கன்னு தெரியணும். அரிசி மணி அளவு உள்ள கெடந்தாலும் இன்ஜினத் தின்னுடும். எங்க ஊர்ல ஒருத்தனோட போட்டு நடுக்கடல்ல அப்படித்தான் நின்னுச்சு."

அக்னஸ் வெளியே தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். புருஷன் சட்டைப் பைக்குள் கையை விடுவதைத் தான் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். பின்னால் இரும்புத் துண்டுகள் சாக்கின் மேல் விழுகிற சின்னச் சத்தம் கேட்டது.

"நாத்துக் கயித்தால கட்டி எறக்குனேன்" என்றார் ஜோசப்ராஜ். "அடங்கிடும்னு நெனச்சேன்."

எல்லையம்மாள் சிரிப்பாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூன்று துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து வட்டமாகச் சேர்த்தாள். ஒரு பக்கத்தில் நகக்கண் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

"ஒரு சில்லு கொறயுது. அது கெடைக்காம பிஸ்டன் உள்ள போவாது."

"அக்கா, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு" என்றாள் அக்னஸ்.

"ஏறட்டும்டி. சில்லோட ஓட்டுனா பத்து நிமிசம் ஓடும். அப்புறம் இன்ஜினும் இருக்காது, பயிரும் இருக்காது."

இன்ஜினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார்கள். அடியில் இருந்த எண்ணெயைப் பழைய வாளியில் வடித்து, அக்னஸின் பழைய மெல்லிய புடவைத் துணியில் ஊற்றி வடிகட்டினார்கள். துணியில் கறுப்புக் கசடு தங்கியது. அக்னஸ் அதைச் முறத்தில் அரிசி பார்ப்பது போல விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு மூடி திறந்த வழியாகக் கையை உள்ளே விட்டு அடிப்பாகம் முழுவதும் துழாவினாள். வழுவழுப்பும் குளிர்ச்சியும்தான் கைக்குத் தட்டுப்பட்டன. அரை மணி போயிற்று. திரும்பவும் மழை வலுத்தது.

ஜோசப்ராஜ் லைனரின் விளிம்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். தான் அடித்த அடியை மனத்துக்குள் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்திருக்க வேண்டும். திடீரென்று கொட்டகையை விட்டு வெளியே போனார். நேற்று ஆத்திரத்தில் அந்தக் கயிற்றைச் சுருட்டி எறிந்தது எந்தப் பக்கம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மழையில் மண்டியிட்டு, எருக்கஞ்செடிக்கு அடியில், சேற்றில் துழாவினார். நனைந்த கோழி மாதிரித் திரும்பி வந்தவர் கையில் பச்சை நைலான் கயிறு இருந்தது. அக்னஸ் வாளித் தண்ணீரில் அதைக் கழுவினாள். பிரிபிரியாகக் கிழிந்திருந்த ஓரிடத்தில், நாருக்குள் கடித்துக்கொண்டு, பளிச்சென்று ஒரு சில்லு.

எல்லையம்மாள் அதை எடுத்து இடைவெளியில் வைத்தாள். வட்டம் முழுதாகப் பொருந்தியது.

"மாதாவே" என்றாள் அக்னஸ்.

"மாதாவும் சரி, தம்பியும் சரி" என்றாள் எல்லையம்மாள். "நீங்க அந்த ஒடஞ்சதக் காட்டாம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிருப்பேன். ஊர் பூரா என்னை ஏசும், மீன்காரி வந்து இன்ஜினக் கெடுத்தான்னு."

ஜோசப்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரைத்தான் துடைத்தார் என்று பிற்பாடு சொன்னார்.

பழைய ரிங்குகளில் மூன்றாவதை எடுத்து லைனருக்குள் படுக்கையாக வைத்து, அதன் வாய்க்குள் ரம்பத் தகடு ஒன்றை நுழைத்து இடைவெளி எவ்வளவென்று பார்த்தாள் எல்லையம்மாள். கொஞ்சம் தளர்வுதான். "இது ஓடும். நெருப்பு படுற மேல் ரெண்டும் புதுசு. பழசு கீழ கெடக்கட்டும்." மாட்டிவிட்டு, நாலு ரிங்கின் வாயையும் ஒவ்வொரு திசைக்குத் திருப்பினாள்.

"எதுக்குக்கா இப்படி?"

"நாலு வாயும் ஒரே பக்கம் பாத்தா புகை அந்த வழியா எறங்கிடும். ஒரே வீட்ல நாலு ஓரகத்தி மாதிரி. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம இருந்தாத்தான் குடும்பம் ஓடும்."

"உங்களுக்கு எத்தன ஓரகத்தி?"

"மூணு. அதனாலதான் தெரியும்."

ஜோசப்ராஜ் சிரித்தேவிட்டார்.

பட்டையின் உள்பக்கம் எண்ணெய் தடவினாள். பிஸ்டனைச் சுற்றிப் போட்டுச் சாவியைத் திருப்பினாள். 'கிறிக், கிறிக்' என்று தகடு இறுகியது. விரிந்து நின்ற ரிங்குகள் ஒவ்வொன்றாகத் தங்கள் பள்ளத்துக்குள் அடங்கின. அந்தச் சத்தம் நின்றதும் இன்னும் கால் சுற்றுத் திருப்பிவிட்டு நிறுத்தினாள்.

"அக்னசு, நீ கீழ வா. என் எடம் உனக்கு. கைய உள்ள விட்டு ராடப் புடிச்சுக்க. நேரா எறக்கணும். கீழ சுத்துற கிராங்குல உரசக் கூடாது. உரசுனா கீறல் விழுந்துடும். நான் மேல பட்டையப் புடிச்சுக்கறேன். தம்பி தட்டட்டும்."

"நானா?" என்றார் ஜோசப்ராஜ்.

"நீங்கதான். சுத்தியல் காம்பால. குழந்தைய தூங்க வைக்கத் தட்டுற மாதிரி."

அக்னஸ் ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேலே மெதுவாகத் தட்டுகிற சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் ராடு நூலளவு கீழே இறங்கி அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது. கீழ் ரிங் போயிற்று என்றாள் எல்லையம்மாள். இன்னும் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்கு ராடு இறங்கவில்லை.

சுத்தியல் காம்பு மேலே தூக்கியபடி நின்றது. நேற்று அந்த இடத்தில்தான் அவர் ஓங்கி அடித்தார். அது அவளுக்குப் பார்க்காமலேயே தெரிந்தது.

"நிக்குது" என்றார் ஜோசப்ராஜ். "நான் அடிக்கல. எடுத்துடுவோம்."

"எடுத்துடுவோம்" என்றாள் எல்லையம்மாள்.

பிஸ்டனை மேலே வாங்கிப் பார்த்தார்கள். பட்டையின் ஒரு ஓரம் லைனர் விளிம்பில் சரியாக உட்காராமல் தூக்கியிருந்தது. அந்தச் சந்தில் பழைய ரிங் அரை நூல் பிதுங்கி எட்டிப் பார்த்தது. இன்னொரு தட்டு விழுந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஜோசப்ராஜ் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய கேஸ்கட் பிசிறைப் பேனாக்கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்து, விரல் நுனியால் ஒருமுறை சுற்றிவந்தார். பட்டையை மறுபடி இறுக்கி வைத்தார்கள்.

இந்த முறை அவர் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் நின்று கேட்டார். "வருதா அக்னஸ்?"

"வருது."

"வருதா?"

"வருதுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை ஒரே காரியத்துக்கு இத்தனை முறை கேட்டதில்லை. ஏழாவதோ எட்டாவதோ தட்டில் ராடு சட்டென்று இறங்கிக் கை நிறைய வந்தது. மேலே காலியான பட்டை தளர்ந்து 'டங்' என்று எல்லையம்மாள் கையில் தங்கியது. அக்னஸ் ராடின் வாயைக் கிராங்கின் மேல் கொண்டுபோய்ப் பொருத்தினாள். அது தொட்டிலில் பிள்ளையை விடுவது போல அமர்ந்தது.

போல்ட் முறுக்கி, ஹெட்டை மாட்டி, புது எண்ணெய் ஊற்றி முடிக்க மதியம் திரும்பிவிட்டது. பம்புக் குழாயில் அக்னஸ் வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பினாள். எல்லையம்மாள் ஹெட்டின் மேலே இருந்த, அழுத்தத்தைத் திறந்துவிடும் சின்ன லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஜோசப்ராஜ் கைப்பிடியைச் சுற்றினார். வேகம் ஏறியதும் "விடுங்க!" என்று கத்தினார். லிவர் விழுந்தது. பொக்கென்றது. நின்றது. மறுபடி சுற்றினார். பொக். பொக். வெள்ளையாகப் புகை கக்கியது. மூன்றாவது தடவை பொக் பொக் என்று ஆரம்பித்து நிற்காமல் ஓடியது. புகை சாம்பலாகி, மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. குழாய் ஒருமுறை தும்மிவிட்டு, யானைத் துதிக்கை போலப் பழுப்புத் தண்ணீரைக் கரைக்கு அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கியது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது.

வீட்டில் அக்னஸ் அந்த நெத்திலியையே குழம்பு வைத்துச் சுடுசோறு போட்டாள். எல்லையம்மாள் சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

"ஏன்க்கா, அங்க ஒவ்வொரு கையும் வேணும்னீங்க. எப்படி விட்டுட்டு வந்தீங்க?"

"கேட்டியே, வந்தேன்."

"அதுக்கில்ல..."

எல்லையம்மாள் ஒரு முள்ளை வாயிலிருந்து எடுத்து வைத்தாள். "இந்தப் பக்கம் நாப்பது வீட்டுக்கு மீன் குடுக்குறேன். தலையில இருந்து கூடைய எறக்கிவிடக் கை நீட்டுறது மூணு வீடு. மத்தவங்க வாசல்ல நின்னு, நீயே வச்சுக்கம்பாங்க. கையில நாத்தம் ஒட்டிக்குமாம். நீ குளிச்சு வெள்ளச் சேல கட்டிப் பூசைக்குக் கெளம்புனப்பகூட எறக்கிவிட்டிருக்க. அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

அக்னஸுக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறாள், ஏற்றியிருக்கிறாள். அதை யாராவது மனசில் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"கொஞ்சம் குழம்பு ஊத்துடி, பாத்துக்கிட்டே நிக்காத" என்றாள் எல்லையம்மாள்.

சாயங்காலம் ஜோசப்ராஜ் அவள் கூடையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை வெள்ளத்தில் நடந்தார். லாரி வரும் வரை நின்றார். என்ன பேசினார்கள் என்று அக்னஸ் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்ஜின் இரண்டு நாள் ஓடியது. அடிப்பள்ளத்து மூன்று மா அழுகிவிட்டது. மிச்சம் ஆறு மாவும் தலைநீட்டிப் பூத்துப் பால் பிடித்தது.

தையில் அறுத்ததும் இரண்டு மூட்டை புது நெல்லை ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் குப்பத்துக்குப் போனார்கள். கரையில் சிங்காரவேலுவின் போட்டு கவிழ்ந்து கிடந்தது. நீலப் பெயிண்ட்டுக்கு நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெள்ளையாக ஒட்டுப் போட்டிருந்தது.

"புயல்லயாண்ணே?" என்று கேட்டார் ஜோசப்ராஜ்.

"ஆமா. இழுக்குறப்ப ஒரு பக்கம் ஆளு பத்தல. அலை தூக்கிக் கல்லுல வச்சுடுச்சு" என்றார் சிங்காரவேலு. "ரெண்டு மாசம் தொழிலு இல்ல."

அக்னஸ் எல்லையம்மாளைப் பார்த்தாள். அந்த இரண்டு மாசமும் செவ்வாயும் வெள்ளியும் அவள் வந்திருந்தாள், யாரோ பிடித்த மீனை வாங்கி. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றாள் எல்லையம்மாள். "காத்து அடிச்சா கல்லுல மோதத்தான் செய்யும். நான் ஒருத்தி இருந்தா அலையப் புடிச்சு நிறுத்தியிருப்பனா? மூட்டைய உள்ள கொண்டாங்க, மணல்ல ஈரம் ஏறும்."

அக்னஸ் அந்த வெள்ளை ஒட்டின் மேல் கையை வைத்தாள். வெயிலில் சூடேறியிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்கப் போனாள்.

அந்த இன்ஜின் இன்னும் நாலு வருஷம் ஓடியது. இப்போது வேறு வாங்கிவிட்டார்கள். லின்சி படிப்பை முடித்துப் பாபநாசம் பக்கம் கால்நடை மருந்தகத்தில் இருக்கிறாள். சிங்காரவேலுவுக்கு முட்டிவலி, கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இன்ஜின் வேலை மட்டும் பார்க்கிறார். கீழே ராடு பிடிக்க இன்றும் எல்லையம்மாள்தான். மழைக்காலத்தில் பெருவெளிப் பக்கம் இன்ஜின் படுத்துவிட்டால் ஜோசப்ராஜ் மறுநாளே குப்பத்துக்குப் போய் அவர்களைக் கூட்டிவருகிறார். ஒவ்வொரு வருஷமும் புயல் எச்சரிக்கை வந்த அன்று, கேட்காமலேயே போய்க் குப்பத்துப் போட்டுகளை மேட்டுக்கு இழுக்கவும் நிற்கிறார். அவருக்குப் பழக்கமில்லாத வேலை, இரண்டு நாள் தோள் வலிக்கிறது என்கிறார். அக்னஸ் நன்றாக இருக்கிறாள்.